கோபுரம் இல்லாத தளங்கள்: ஜூஹு முதல் பாராமதி வரை

நமது சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, நிகண்டு, வந்தவாசி வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் பற்றித்தான். இந்த முறை விமான நிலையங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருக்கும் பழைய நண்பர் சிரித்துவிட்டார். "நயினாரே, பாத்திரக் கடைக்கும் ஏரோப்பிளேனுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் அலுமினியம், அவ்வளவுதானே!" என்றார். அந்தச் சம்பந்தமே எனக்குப் போதும். ஆனால் எழுதத் தூண்டியது வேறு.

2026 ஜனவரி 28ஆம் தேதி காலை மும்பையிலிருந்து கிளம்பிய லியர்ஜெட் 45 வகைச் சிறு ஜெட் விமானம் பாராமதியில் இறங்கும்போது விழுந்து எரிந்தது. மகாராஷ்டிரத் துணை முதலமைச்சர் அஜித் பவார் உட்பட அதில் இருந்த ஐந்து பேரும் மாண்டார்கள். முதல் முறை இறங்க வந்தபோது ஓடுதளம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மேலே எழும்பி, சுற்றிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார்கள். இரண்டாவது முறைதான் அந்தக் கோரம். அன்று மத்திய அரசு தந்த விளக்கத்தில் இருந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. பாராமதி கட்டுப்பாட்டுச் சேவை இல்லாத தளம். அங்கே வருகிற விமானங்களுக்குத் தகவல் சொல்பவர்கள் அங்குள்ள விமானப் பயிற்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களும் விமானிகளுமே என்பதுதான் அது.

அன்று மாலை கடைக்கு வந்த என் தங்கை மகன், "மாமா, டவரே இல்லாத ஏர்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குமா? ஒரு மந்திரியே அங்க எறங்குறாரு. எல்லா ஊர்லயும் டவர் கட்டணும், இல்லேன்னா பூட்டிடணும்" என்றான். பக்கத்துக் கடைக்காரரும் தலையாட்டினார். நியாயமான கோபம்தான். ஆனால் பூட்டினால் யார் வெளியே நிற்பார்கள் என்று யோசித்தேன். மந்திரிகளோ தொழிலதிபர்களோ அல்ல. சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காகச் சிறிய விமானம் ஓட்டுபவர்களும், ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுமே வெளியே நிற்பார்கள். இது நம் மும்பையில் முன்பே நடந்து முடிந்த கதை. ஜூஹுவின் கதையைத் தெரிந்துகொண்டு பாராமதிக்கு வந்தால் விஷயம் தெளிவாகும் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் பொது விமானப் போக்குவரத்துக்கென்று ஏற்பட்ட முதல் தளம் ஜூஹு. ஆண்டு 1928. பம்பாய் பிளையிங் கிளப் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பெரிய கட்டடம் இல்லை, சிமெண்டு ஓடுதளம் இல்லை. கடலோரச் சேற்று நிலம், காற்றடிக்கும் திசையைக் காட்ட ஒரு துணிப்பை, ஓலை வேய்ந்த கொட்டகை. மழைக்காலம் வந்தால் தளம் தண்ணீரில் நிற்கும். டாட்டாவின் தபால் விமானச் சேவை அந்த மாதங்களில் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்கே போய்விடும். மழையில் லோக்கல் ரயில் நிற்பதற்கே அங்கலாய்க்கும் நாம், ஒரு விமான நிலையமே ஆண்டுதோறும் ஊர் மாறியதை எண்ணிப் பார்க்கலாம்.

ஜே.ஆர்.டி. டாட்டா பறக்கக் கற்றது இந்தக் கிளப்பில். 1929 பிப்ரவரி 10ஆம் தேதி அவருக்குக் கிடைத்த உரிமம் இந்தியாவில் வழங்கப்பட்டவற்றில் எண் 1. அப்போது அவருக்கு வயது 24. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆசைக்குப் பறந்தவர். இன்றைய பேச்சில் சொன்னால் பொழுதுபோக்கு விமானி. 1932 அக்டோபர் 15இல் அவரே கராச்சியிலிருந்து தபால் பையோடு ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாக ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோனவர் நெவில் வின்சென்ட். பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் வழித்தடம் பம்பாயையும் சென்னையையும் இணைத்தது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அன்றைய பயணத்தில் விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே இருந்து "வா, போ" என்று சொல்ல ஆளும் கிடையாது. கண், கைக்கடிகாரம், திசைகாட்டி, அவ்வளவுதான்.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அன்று வானத்தில் ஆளே இல்லை. மோதுவதற்கு எதிரே இன்னொரு விமானம் வேண்டாமா?

விமானங்கள் கூடக் கூடத்தான் மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். லண்டனுக்கருகே கிராய்டன் தளத்தில் 1920இல் கட்டிய கோபுரத்தையே உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்பார்கள். அமெரிக்காவில் இதன் தொடக்கம் இன்னும் வேடிக்கை. செயின்ட் லூயிஸ் நகர விமானத்தளத்தில் 1929இல் ஆர்ச்சி லீக் என்பவர் ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, குடை, நோட்டுப்புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாம் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுதள ஓரத்துக்குப் போவார். கையில் இரண்டு கொடிகள்: ஒன்று "போகலாம்", மற்றது "நில்". அவரைத்தான் அந்த நாட்டின் முதல் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று இன்று கொண்டாடுகிறார்கள். கோபுரம் என்றால் கண்ணாடி மாளிகை என்று நினைக்கும் அன்பர்கள் அந்தத் தள்ளுவண்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் வந்தது பொறுப்புள்ள ஓர் ஆள். கட்டடம் பிறகு வந்தது.

சரி, ஆளே இல்லாத தளத்தில் எப்படி இறங்குகிறார்கள்? நம் மும்பை உதாரணமே சொல்கிறேன். கிங்ஸ் சர்க்கிளில் சிக்னல் இருக்கிறது, போலீஸ்காரர் இருக்கிறார். தாராவிச் சந்துக்குள் சிக்னல் கிடையாது. ஆனால் தோல் கட்டைத் தலையில் சுமந்து வருபவரும் கைவண்டிக்காரரும் "பாஜு, பாஜு!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள், எதிரே வருபவர் ஒதுங்குகிறார். கோபுரம் இல்லாத தளமும் இப்படித்தான் இயங்குகிறது. எல்லா விமானிகளும் ஒரே ரேடியோ அலைவரிசையில் இருப்பார்கள். "நான் இன்ன திசையில், இத்தனை மைல் தூரத்தில், இவ்வளவு உயரத்தில் வருகிறேன்" என்று ஒவ்வொருவரும் அறிவிக்க வேண்டும். தளத்தைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு பாதை உண்டு. எல்லோரும் அதே பக்கமாகச் சுற்றி, வரிசையில் இறங்க வேண்டும். காற்றுப்பையைப் பார்த்து, காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத்தளங்கள் சுமார் 5,000 இருக்கின்றன. கோபுரம் உள்ளவை ஏறத்தாழ 500தான். மற்றவற்றில் எல்லாம் சந்து முறைதான். விவசாயியும் டாக்டரும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் அங்கே சொந்த விமானத்தில் போய் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ரேடியோ கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். கோபுரம் உள்ள இடத்தில் விளக்குச் சைகை இருக்கிறது. பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை ஒளி காட்டினால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் தளம் ஆபத்தாக இருக்கிறது, இறங்காதே. இன்றும் உலகம் முழுக்க இதுதான் மொழி. ரயில்வே கார்டு காட்டும் விளக்கின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கும் நம் ஊரே மறுப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சாந்தாகுரூசில் ராயல் விமானப்படை தளம் அமைத்தது. போருக்குப் பிறகு பெரிய விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. சிக்கல் என்னவென்றால், ஜூஹுவும் சாந்தாகுரூசும் பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டின் முக்கிய ஓடுதளங்களும் ஏறக்குறைய ஒரே கிழக்கு மேற்கு வாக்கில் கிடக்கின்றன. மேலிருந்து பார்ப்பவர் குழம்ப வேண்டியதுதான். 1953 ஜூலையில் பிரிட்டிஷ் நிறுவனத்தின் காமெட் ஜெட் விமானம் சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜூஹுவில் இறங்கிவிட்டது. அதைக் காலி செய்து, எடை குறைத்து, அந்தக் குட்டை ஓடுதளத்திலிருந்து மறுபடி எழுப்பிக் கொண்டுபோகப் பல நாட்கள் ஆயின. 1972 செப்டம்பர் 24இல் ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.8 விமானம் அதே தவற்றைச் செய்தது. ஜூஹு ஓடுதளம் போதாமல் தாண்டி ஓடி உடைந்தது; மறுபடி பறக்கவே இல்லை. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சாந்தாகுரூஸ் கோபுரத்தோடு பேசிக்கொண்டே வந்து ஜூஹுவில் இறங்கியவர்கள் இவர்கள்.

இதைவிடப் பெரிய துயரம் 1996 நவம்பர் 12. அரியானாவின் சர்கி தாத்ரிக்கு மேலே சவூதி ஜம்போவும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். இரண்டு விமானங்களும் டெல்லிக் கட்டுப்பாட்டாளரோடு தொடர்பில்தான் இருந்தன. எதிரே ஒரு விமானம் வருகிறது என்று அவர் சொல்லியும் இருந்தார். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் மோதலை எச்சரிக்கும் கருவி விமானத்திலேயே இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் கட்டாயம் ஆக்கினார்கள். கோபுரத்தின் கண் எட்டாத இடத்தில் விமானத்துக்கே ஒரு கண் வேண்டியிருந்தது.

ஆக, கோபுரம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் சண்டை போடுகிறோம் என்பது என் கருத்து. முதலாவது, கட்டளையிடுவது: நீ இறங்கு, நீ காத்திரு. இரண்டாவது, தகவல் சொல்வது: காற்று இன்ன திசை, பார்வைத் தூரம் இவ்வளவு, ஓடுதளத்தில் ஒரு பயிற்சி விமானம் நிற்கிறது, இனி முடிவு உன்னுடையது. மூன்றாவது, வெறுமனே ரேடியோவில் பதில் கொடுப்பது. இங்கிலாந்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனித் தகுதிச் சான்றும் உண்டு. புல்வெளித் தளத்துக்கு மூன்றாவது போதும் என்பார்கள். பயணிகள் விமானம் வரும் நகரத்துக்கு முதலாவது இல்லாமல் விடமாட்டார்கள். கட்டுப்பாட்டாளர் அதே ஊரில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சுவீடனில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சிற்றூர் விமான நிலையத்தை 2015 முதல் சுந்த்ஸ்வால் என்ற வேறு ஊரில் உட்கார்ந்து கேமரா வழியாகக் கவனிக்கிறார்கள்.

இப்போது பாராமதிக்கு வருவோம். அந்த விபத்தின் காரணத்தைச் சொல்ல நான் யார்? அதற்குரிய புலனாய்வு அமைப்பு இருக்கிறது. கோபுரம் இருந்திருந்தால் ஐவரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஆனால் காரணம் எதுவானாலும் ஒரு விஷயம் நெருடுகிறது. அது பயிற்சிப் பிள்ளைகளின் தளம். அங்கே பேசுபவர் பயிற்சி ஆசிரியர். அவருடைய வேலை மாணவனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது. வேகமாக வரும் ஒரு ஜெட்டுக்கு வானிலை அளந்து சொல்வது அவருக்குக் கூடுதல் பொறுப்பு. மெதுவாகச் சுற்றும் இரண்டு இருக்கை விமானத்துக்குச் சந்து முறை சரி. பனிமூட்டமான காலையில் ஜெட் விமானம் அதே சந்துக்குள் நுழையும்போது விஷயமே வேறு. கைவண்டிச் சந்தில் லாரியை விட்டுவிட்டு, கைவண்டிக்காரனைக் குறை சொல்லக்கூடாது. விபத்துக்குப் பிறகு விமானப் படை தன் ஆட்களைப் பாராமதிக்கு அனுப்பிக் கட்டுப்பாட்டுக்கும் வானிலைத் தகவலுக்கும் அவசர ஏற்பாடு செய்தது. ஆள் இருந்தால் மாளிகை எழும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

தமிழில் விமானம் பற்றி எழுதிவிட்டுப் பழைய நூல்களைத் தொடாமல் போனால் நம் அன்பர்கள் விடமாட்டார்கள். 1895இல் நம் சௌபாத்திக் கடற்கரையில் தல்படே என்பவர் விமானம் பறக்கவிட்டார் என்று இங்கே மராட்டிய நண்பர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதை நிறுவ அக்காலத்து உறுதியான சான்று இல்லை. அவருக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வைமானிக சாஸ்திரத்தை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்கள் 1974இல் ஆராய்ந்து, அதில் சொன்ன வடிவங்கள் பறக்கா என்று எழுதிவிட்டார்கள். ஆகவே அந்த வழியில் நான் போகவில்லை. ஆனால் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை ஒரு கற்பனையாக, மிக நுட்பமான கற்பனையாக, இங்கே நினைக்கத்தான் வேண்டும்.

திருத்தக்கதேவர் சொல்லும் கதை பலருக்கும் தெரியும். சச்சந்தன் என்ற அரசன் கருவுற்ற தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். வலப்பக்கம் திருகினால் எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால் மடக்கி உட்காரும். நான் வியப்பது பொறியைப் பற்றி அல்ல. ஆபத்து வரும் முன்பே அரசி அதில் ஏறிப் பறந்து பழகுகிறாள். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. பிறகு கட்டியங்காரன் சூழ்ச்சி செய்து அரண்மனையை வளைத்துக்கொண்ட நாளில் அந்தப் பழக்கம்தான் அவளையும் வயிற்றில் இருந்த சீவகனையும் காப்பாற்றுகிறது. வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிவிட, பொறி தானே போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறது. விளையாட்டாகப் பழகாத கைக்கு வினை வந்த நேரத்தில் பொறி வசப்படாது என்பது அந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது.

வரலாற்றிலும் அதே சங்கதிதான். 1930இல் ஆகா கான் அறிவித்த பரிசுக்காக இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டியில் ஜே.ஆர்.டி. இறங்கினார். எகிப்தில் அபுகிர் தளத்தில் அவர் சந்தித்தது எதிர்த்திசையில் வந்த போட்டியாளர், ஆஸ்பி எஞ்சினியர் என்ற பார்சி இளைஞரை. ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்ற அவருக்கு ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. அந்த ஆஸ்பி பின்னால் இந்திய விமானப் படையின் தளபதியானார். ஆசைக்குப் பறந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் விமானக் கம்பெனியை உண்டாக்கினார், மற்றவர் படையை நடத்தினார்.

நம்மவர்களில் வி. சுந்தரம் சென்னை பிளையிங் கிளப்பில் பயிற்றுநராக இருந்தவர். அவர் மனைவி உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறி வந்தவர். சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் விமானத்தை 1951இல் இந்தத் தம்பதியர் லண்டனிலிருந்து நம் பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். மனைவி கூட உட்கார்ந்து ஸ்கூட்டரில் போவதையே ஊர் வேடிக்கை பார்த்த காலத்தில், பக்கத்து இருக்கையில் இருந்து விமானம் ஓட்டிய அம்மையார் அவர். கிளப்புகளும் சிறு தளங்களும் இல்லாவிட்டால் இப்படிப்பட்டவர்கள் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

இந்தப் பெருமைக்கெல்லாம் தாய்வீடான ஜூஹுவில் இன்று என்ன நடக்கிறது? கோபுரம் இருக்கிறது. கட்டுப்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். கடலுக்குள் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்கள்தான் பெரும்பாலும் எழுந்து இறங்குகின்றன. பக்கத்தில் பெரிய விமான நிலையம் இருப்பதால் ஒவ்வொரு அசைவுக்கும் அங்கே கேட்டாக வேண்டும். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. பிளையிங் கிளப்பின் பறக்கும் பயிற்சி துளேக்குப் போய்விட்டது. வகுப்புகள் மட்டும் ஜூஹுவில். 1982 அக்டோபர் 15இல், 78 வயதில், ஜே.ஆர்.டி. பழைய சிறு விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து தனியாகப் பறந்து வந்து ஐம்பதாம் ஆண்டு நினைவாக ஜூஹுவில் இறங்கினார். அப்படி ஒருவர் ஆசைக்கு வந்து இறங்கும் இடமாக ஜூஹு இனி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விமானிகள் பக்கம் மட்டும் பேசுபவனும் அல்ல நான். வானத்தில் போகிறவர்களுக்குக் கீழே நாம் குடியிருக்கிறோம். 2018 ஜூன் 28 மதியம், பழுது பார்த்த ஒரு கிங் ஏர் விமானம் ஜூஹுவிலிருந்து சோதனைப் பறப்புக்குக் கிளம்பித் திரும்பி வரும்போது காட்கோபரில் விழுந்தது. செம்பூர்க்காரர்களுக்கு எட்டிப் பார்க்கும் தூரம். விமானத்தில் இருந்த நால்வரும் தெருவில் போன ஒருவரும் இறந்தார்கள். கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடம் அது. வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் எண்ணிக்கை அதோடு நின்றது. அந்தச் சந்தின் பெயர் ஜீவதயா லேன். அங்கே எனக்கு வாடிக்கைக் கடைகள் உண்டு. அந்தப் பெயர்ப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அன்று ஜூஹுவில் கோபுரம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானம் நெருக்கமான ஊருக்கு மேலே சோதிக்கப்பட்டது. அதற்குக் கோபுரம் என்ன செய்யும்? பழகுவதும் சோதிப்பதும் வயல்வெளித் தளங்களில் நடக்க வேண்டும். அதற்குத்தான் பாராமதி, துளே போன்ற தளங்கள் வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டிலும் போர்க்காலத் தளங்கள் பல கிடந்தன: உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம். சோழவரத்தில் விமானம் போய்க் கார்ப் பந்தயம் வந்தது. பின்னால் அதுவும் போனது. உளுந்தூர்பேட்டை வழியாக ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அங்கே நாலு பயிற்சி விமானங்கள் சுற்றினால் விழுப்புரம், கடலூர்ப் பிள்ளைகள் வடநாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போய்ப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லையே என்பதுதான்.

என் யோசனை வியாபாரியின் யோசனைதான். சரக்குக்குத் தக்க தராசு. பயிற்சி விமானமும் ஆர்வ விமானியும் மட்டும் வரும் தளத்தில் ரேடியோவும் காற்றுப்பையும் ஒழுங்கான சுற்றுப்பாதையும் போதும். அங்கே கோபுரம் கட்டச் சொல்வது கிளப்பை மூடச் சொல்வதற்குச் சமம். மூன்று ஷிப்டுக்கும் தகுதி பெற்ற ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்க எந்தக் கிளப்பால் முடியும்? ஜெட்டும் வாடகை விமானமும் வருகிற தளம் என்றால், அது வரும் நேரத்துக்காவது வானிலை அளக்கவும் தகவல் சொல்லவும் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருக்க வேண்டும். செலவு ஜெட்டில் வருபவருடையது. ஆள் இல்லையா, ஜெட்டும் இல்லை. எவ்வளவு பெரிய மனிதர் உள்ளே இருந்தாலும் சரி. தினசரிப் பயணிகள் சேவை வந்துவிட்டால் முழுக் கட்டுப்பாடு. அப்போதும் ஆர்வ விமானிக்குக் காலையில் இரண்டு மணி நேரம் எழுதி வைக்க வேண்டும். பெரியவர் வந்தார் என்று சின்னவரைத் திண்ணையை விட்டே விரட்டுவதுதான் ஜூஹுவில் நடந்தது.

செம்பூரிலும் மாதுங்காவிலும் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் யாருக்காவது ஆசை இருந்தால் ஒரு தகவல். நம் நாட்டில் தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17 நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், மருத்துவத் தகுதியும் எழுத்துத் தேர்வும் உண்டு. மாணவராகச் சேர 16 வயது போதும். பணம் நிறையவே செலவாகும். பெற்றோர் முதலில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். துளே இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சயானில் கிளம்பும் பழைய ஆக்ரா ரோடு காட்கோபர், தானா, நாசிக் தாண்டி நேரே அங்கேதான் போகிறது.